அவசர எண்ணுக்கு அழைத்தால் என் பெயர் எங்கெல்லாம் போகும்? கேள்வி பதில்

செங்கல்பட்டு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் டீக்கடை வைத்திருப்பவர்: கடை முன்னாடி அடிக்கடி விபத்து நடக்குது. 108-க்கு போன் போட்டா அப்புறம் ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலைய விடுவாங்கன்னு எல்லாரும் பயப்படுறாங்க. பேர் சொல்லித்தான் ஆகணுமா?

வேண்டியதில்லை. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுபவர்களைக் காக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. அடிபட்டவர் கிடக்கிறார் என்று போனில் சொல்பவரிடம் பெயர், விவரம் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று அவற்றில் தெளிவாக இருக்கிறது. பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில், இப்படி உதவுபவர்களைக் காக்கும் 134ஏ பிரிவு 2019-இல் சேர்ந்தது. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 168, 169 வந்தன. நல்லெண்ணத்தோடு உதவியவரின் பெயரையோ முகவரியையோ போலீஸ் உட்பட யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது என்கிறது விதி 168.

பெயர் வேறு, எண் வேறு என்பதை மட்டும் மனதில் வையுங்கள். உங்கள் எண் கன்ட்ரோல் ரூம் திரையில் தெரியும், பேச்சும் பதிவாகும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழி கேட்க அந்த எண்ணுக்குத்தான் திரும்பக் கூப்பிடுவார், அதனால் போனை அணைத்துவிடாதீர்கள். "வழி கேட்க மட்டும் இந்த நம்பர், பேர் எழுத வேண்டாம்" என்று முதலிலேயே சொன்னால் போதும்.

பெயரை மறைக்கலாம், இடத்தை மறைக்கக் கூடாது. கிலோமீட்டர் கல், சென்னை போகிற பக்கமா திண்டிவனம் போகிற பக்கமா, எத்தனை பேருக்கு அடி, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்று நான்கையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் பக்கம் மாறிப் போனால், ஆம்புலன்ஸ் அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: அடிபட்டவரை ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தால், "போலீஸ் வர்ற வரை இருங்க, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடணும், அட்ரஸ் குடுங்க" என்கிறார்களே?

ஏ.ஆர். போடுவது மருத்துவமனையின் கடமை. அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "கொண்டு வந்தவர்" என்ற இடத்தில் "வழிப்போக்கர்" என்று எழுதச் சொல்லலாம். உறவினர் அல்லாதவரிடம் பணம் கட்டச் சொல்வதும் நிறுத்தி வைப்பதும் தவறு. இந்த உரிமைகளை எழுதிய பலகையை அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் வாசலில் வட்டார மொழியிலும் வைக்க வேண்டும் என்கிறது விதி 168. பலகை இருந்தால் அதைக் காட்டிப் பேசுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது ஏ.ஆரில் அல்ல, அட்மிஷன் படிவத்தில்தான். அவசரத்தில் "உடன் இருப்பவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், பில்லும் சம்மதப் படிவமும் உங்களைத் தேடி வரும். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள்.

விபத்தை நேரில் பார்த்தவர் நீங்கள் என்றால், சாட்சி சொல்ல முன்வாருங்கள் என்றுதான் சொல்வேன். விருப்பப்பட்டு முன்வருபவருக்கு விதி 169-இல் பாதுகாப்பு உண்டு. உங்களுக்குத் தோதான நேரத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்து, ஒரே முறையில் விசாரித்து முடிக்க வேண்டும்.

இல்லத்தரசி, கோவை: எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு வீட்டுல அந்தப் பொண்ணை தினம் அடிக்கிறாங்க. நாங்க சொன்னோம்னு தெரிஞ்சா பகை ஆயிடும்.

அவசர உதவிக்கான 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. அடி விழுந்துகொண்டிருக்கும் நேரம் என்றால் 112-தான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில், நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு எதுவும் போட முடியாது. குற்றத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியை நீதிமன்றம்கூடக் கட்டாயப்படுத்த முடியாது (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம், பிரிவு 131). தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்டாலும், ரகசியமாகத் தகவல் தந்தவரை அடையாளம் காட்டும் விவரத்தை 8(1)(ஜி) பிரிவைக் காட்டி மறுக்கலாம்.

இவ்வளவு இருந்தும் பெயர் கசிவது வீட்டு வாசலில்தான். ரோந்துக்கு வந்த காவலர் "எதிர் வீட்டுல இருந்து போன் வந்துச்சு" என்று சொன்னால் எல்லாம் போயிற்று. அதனால் "எங்க எதிர் வீடு" என்று சொல்லாமல் பிளாக், மாடி, கதவு எண்ணைச் சொல்லுங்கள். "யார் சொன்னதுன்னு அங்க சொல்லக் கூடாது, என் வீட்டுக்கும் வரக் கூடாது" என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது பேச்சோடு சேர்ந்து பதிவாகும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள்.

இதற்கு எல்லை உண்டு. நீங்கள் பின்னால் சாட்சியாக வாக்குமூலம் கொடுத்தால், அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் போகும். மிரட்டல் வந்தால் 2018-இன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுச் செய்யலாம்.

பெயர் வேண்டாம்: அடிபடுறதே நான்தான். அவர் என் போனைத் தினமும் பார்ப்பார். எப்படிக் கூப்பிடுவது?

முதலில் போனின் எஸ்.ஓ.எஸ். (அவசர அழைப்பு) அமைப்பைப் பாருங்கள். அவசரத் தொடர்பில் அவர் எண் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பல போன்களில் எஸ்.ஓ.எஸ். அழுத்தினால், அதில் உள்ளவர்களுக்கு நீங்கள் இருக்கும் இடம் குறுஞ்செய்தியாகப் போய்விடும். ஐபோனில் அழைப்பு முடிந்ததும் இது தானாகவே நடக்கும். அடுத்தது சத்தம். எஸ்.ஓ.எஸ். எண்ணிக்கை ஓடும்போது சைரன்போல் ஒலிக்கும். ஐபோனில் சத்தமில்லாமல் அழைக்கும் வசதியை இயக்குங்கள், ஆண்ட்ராய்டில் எச்சரிக்கை ஒலியை அணையுங்கள்.

பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் 112-க்குப் போகும்படி 2016-இலேயே விதி வந்திருக்கிறது. எந்த எண் என்று முன்பே பார்த்து வையுங்கள்.

பேச முடிந்தால் முகவரியை முதலில் சொல்லுங்கள். அடுத்த வாக்கியம், "திருப்பிக் கூப்பிடாதீங்க, மெசேஜ் அனுப்பாதீங்க." பாதியில் கட் ஆன அழைப்புக்குத் திரும்பக் கூப்பிடுவது வழக்கம். அந்த நேரம் போன் அவர் கையில் இருந்தால் ஆபத்து. பிறகு கால் லாக்கை அழித்தாலும் பரவாயில்லை, கன்ட்ரோல் ரூம் பதிவு அழியாது. முடிந்தால் நம்பிக்கையான பக்கத்து வீட்டு போனிலிருந்தே அழையுங்கள், அதுதான் பத்திரம்.

ஆசிரியர், தருமபுரி: தற்கொலை முயற்சி என்று 108-ஐ அழைத்தால் பிழைத்தவர் மேல் கேஸ் வரும் என்று குடும்பங்கள் தயங்குகின்றன.

இந்தத் தயக்கத்தில் உயிர் போகக் கூடாது, உடனே அழைக்கச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரை வற்புறுத்தவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் 226-ஆம் பிரிவு பாயும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுக்கும். அது பதிவுக்கான நடைமுறை, தண்டனை அல்ல. மனநலச் சிகிச்சை விவரங்கள் ரகசியம் என்று அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சொல்கிறது. பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் 14416.

பள்ளி வேன் ஓட்டுநர்: ஒரு குழந்தை விஷயத்தில் எனக்குச் சந்தேகம். தப்பாகிவிட்டால்?

குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19(7) பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு சொன்னது தவறாகிப் போனாலும் உங்கள் மேல் பொறுப்பு வராது. பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம். குழந்தையின் பெயர், பள்ளி, படம் எதையும் வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், வேன் குழுவிலும் போடாதீர்கள். வேண்டுமென்றே பொய்த் தகவல் சொல்வது வேறு: நியாய சன்ஹிதா 217-இல் ஓராண்டு வரை சிறை.

மீண்டும் டீக்கடைக்காரர்: அடிபட்டவரைக் காப்பாத்தினா அரசு பரிசுப் பணம் தருதாமே, பேர் சொல்லலன்னா அது கிடைக்குமா?

கிடைக்காது. பலத்த காயம் பட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து உயிர் காத்தவருக்கு மத்திய அரசு 2025 முதல் 25,000 ரூபாய் தருகிறது. அதற்குப் பெயரும் வங்கிக் கணக்கும் வேண்டும். அதை நீங்களாக விரும்பிக் கொடுத்தால் போதும், பரிசைக் காட்டி யாரும் கேட்டு வாங்க முடியாது.