98 ஓட்டு வாங்கியவர் எம்.எல்.சி. ஆன கதை

கேள்வி: மேற்கு ஆஸ்திரேலியாவில் வெறும் 98 ஓட்டு வாங்கியவர் மேலவை உறுப்பினர் ஆனாராமே? அதனால்தான் தேர்தல் முறையையே மாற்றினார்களா?

98 ஓட்டு உண்மைதான். ஆனால் அதனால்தான் எல்லாம் மாறியது என்பதை, தலைநகர் பெர்த்தில் ஓட்டுப் போடுகிறவனாக, என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை.

2021 மார்ச்சில் மைனிங் அண்ட் பாஸ்டரல் என்ற மேலவை மண்டலத்தில் வென்றவர் டேலைட் சேவிங் கட்சியின் வில்சன் டக்கர். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதுதான் அந்தக் கட்சியின் கொள்கை. அதையே 4 பொதுவாக்கெடுப்புகளில் வேண்டாம் என்று சொன்ன மாநிலம் இது! அப்போதைய வாக்குச்சீட்டில் ஒரு கோடு, அதற்கு மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள். கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு மட்டும் ‘1’ போட்டால், அடுத்தடுத்த விருப்பங்களை, அதாவது அந்த ஓட்டு அடுத்து யாருக்குப் போகும் என்பதை, அந்தக் கட்சி முன்கூட்டியே பதிவு செய்த பட்டியல் தீர்மானித்தது. கோட்டுக்குக் கீழே போனால் எல்லா வேட்பாளருக்கும் எண் போட வேண்டியிருந்தது. யார் மெனக்கெடுவார்கள்? சின்னக் கட்சிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விருப்பங்களைக் கைமாற்றின. அப்படி வந்து சேர்ந்த ஓட்டுகளால் டக்கர் கோட்டாவை, அதாவது ஒரு இடம் பிடிக்கத் தேவையான ஓட்டு அளவை, தொட்டுவிட்டார்.

இந்தக் கோளாறை மட்டும் சரிசெய்ய, அந்தப் பட்டியல் முறையை ஒழித்தாலே போதும். நியூ சவுத் வேல்ஸ் அதை எப்போதோ செய்துவிட்டது. இங்கே கூடவே மண்டலங்களையும் ஒழித்தார்கள். அரசியல் அங்கேதான் இருக்கிறது.

அப்போது 6 மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் 6 உறுப்பினர்கள். வாக்காளர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் பெர்த்தின் 3 மண்டலங்களில் இருந்தார்கள். ஆனாலும் எங்களுக்குப் பாதி இடங்கள்தான். மைனிங் அண்ட் பாஸ்டரல் மண்டலத்திலிருந்த கால்கூர்லி ஊர்க்காரர் ஓட்டுக்கு என் ஓட்டைப்போல ஏறக்குறைய 6 மடங்கு மதிப்பு. 2005-இல் கீழவையில் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்த லேபர் கட்சி, மேலவையில் அதை அப்படியே விட்டுவிட்டது. அதற்கான பலம் 2021-இல்தான் வந்தது. கீழவையில் 59-க்கு 53, மேலவையில் 36-க்கு 22. இரு அவையும் லேபர் கைக்கு வந்தது அதுவே முதல் முறை.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். தேர்தலுக்கு முன் மேலவைத் தேர்தல் முறையை மாற்றுவீர்களா என்று நிருபர்கள் கேட்டபோதெல்லாம் “அது எங்கள் திட்டத்தில் இல்லை” என்றார் அப்போதைய லேபர் முதல்வர் மார்க் மெக்கோவன். ஜெயித்த அடுத்த மாதமே முன்னாள் ஆளுநர் மால்கம் மெக்கஸ்கர் தலைமையில் குழு, நவம்பரில் சட்டம். டக்கர் நல்ல சாக்காகக் கிடைத்தார். கிராமப்புற நேஷனல்ஸ் கட்சி கொதித்ததில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கட்டிக்காத்த பழைய கணக்கில் நியாயம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

இப்போது மேலவைக்கு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி, 37 உறுப்பினர்கள். கோட்டா 2.6 சதவீதம் அளவுதான் என்பதால் சின்னக் கட்சிகள் இன்னமும் வரலாம். ஆனால் சொந்த ஓட்டு வேண்டும். 2025-இல் அப்படித்தான் லீகலைஸ் கன்னாபிஸ், அனிமல் ஜஸ்டிஸ் கட்சிகள் ஆளுக்கொரு இடம் பிடித்தன. லேபருக்குக் கிடைத்தது 16. தனிப்பெரும்பான்மை போய்விட்டது. மற்றக் கட்சிகள் எதிர்க்கும் மசோதா என்றால் 4 இடம் வைத்திருக்கும் கிரீன்ஸ் கட்சியிடம் போய் நிற்க வேண்டியதுதான்.