கோப்பில் எட்டுப் படம் கூடுதல்

ஆச்சி, ஓவியம், வடிவமைப்புக் கல்லூரியில் சேரத் தம்பி சேர்த்து வைத்திருக்கும் படக் கோப்பைப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு படங்கள். எட்டு கைபேசியைப் பார்த்துப் போட்டவை: பனிமலை வீடு, ஓடும் குதிரை, ஒரு நடிகரின் முகம் என்று. அந்த எட்டில் ஒன்று ஏஐ போட்டுக் கொடுத்ததன் மேல் பென்சில் ஓட்டியது போல இருந்தது. கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான். பொய் சொல்லவில்லை, அதுவரை சந்தோஷம்.

"எல்லாரும் செய்றதுதானே, சீட் கிடைச்சா சரி" என்றீர்கள். சரி, சீட்டுக் கணக்கிலேயே பேசுவோம். அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் (என்.ஐ.டி.) முதல்நிலைத் தேர்வைத் தாண்டினால் ஸ்டுடியோ டெஸ்ட், அங்கேயே உட்கார்ந்து கையால் செய்து காட்ட வேண்டும். ஆடை வடிவமைப்புக் கல்லூரியான நிஃப்டில் சிச்சுவேஷன் டெஸ்ட்: பொருளைக் கையில் கொடுத்து அங்கேயே செய்யச் சொல்வார்கள். சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளிலும் கை வேலையைத்தான் பார்க்கிறார்கள். அங்கே கைபேசி துணைக்கு வராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணின் படங்களை ஓவிய வாத்தியார் ஒருவர் 'தொட்டுக்' கொடுத்தார். தெரிந்தும் நான் தடுக்கவில்லை. நேர்காணலில் ஒரே கேள்விதான்: இந்த மஞ்சளை எப்படிக் கொண்டுவந்தாய்? அவளால் வாய் திறக்க முடியவில்லை. அந்தத் தப்பில் எனக்கும் பாதி உண்டு.

மீதி நாலும் அவனுடையவை. அதில் ஒன்று, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் பட்டறை. கண்ணாடித் தட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றுகிறார் ஒருவர். பூ முகம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும், மேலே மணலும் சிமெண்டும் ஏறிவிடும். கண்ணாடியை எடுக்கும்போதுதான் பூ எப்படி வந்தது என்று செய்தவருக்கே தெரியும். அப்புறம் தண்ணீரில் ஊறல், வெயிலில் உலர்த்தல். சூளையே கிடையாது. தம்பி வரைந்திருப்பது அந்தக் கரண்டி பிடித்த கையை. கட்டைவிரல் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தவன் போட்ட கை அது.

பார்த்துப் போடுவது குற்றமில்லை, எல்லாரும் அப்படித்தான் பழகுகிறார்கள். அதற்குத் தனி நோட்டு வைத்து 'பார்த்து வரைந்தது' என்று எழுதிவிடட்டும். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருள் என்ற சான்று, கிடைத்தது. விசைத்தறியில் ஓட்டிய கட்டம் போட்ட சேலையைக் கைத்தறிக் கண்டாங்கி என்று உங்கள் தலையில் கட்டினால் விடுவீர்களா?

சோறு போடுமா என்ற கவலைக்கு: துணி வடிவமைப்பு, அனிமேஷன், பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை என்று வழி இருக்கிறது. வருமானம் மெதுவாகத்தான் ஏறும், அதை மறைக்க மாட்டேன்.

இப்போதைக்கு அந்த எட்டையும் எடுத்துவிடுங்கள். தினம் ஒரு மணி நேரம் சந்தையிலோ உங்கள் வீட்டு வளவிலோ உட்கார்ந்து வரையட்டும், கீழே தேதி போடட்டும். அடுத்த மாதம் கோப்போடு வாருங்கள். அந்தக் கட்டைவிரலை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.