இயற்பியலா, பொறியியலா: முன்பணம் கட்டுவதற்கு முன்

வணக்கம் ஐயா. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் உயிரியலும் படிக்கும் உங்கள் மகளுக்கு இயற்பியலில்தான் ஆர்வம் என்றும், அருகிலுள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இப்போதே முன்பணம் கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போது கட்டாதீர்கள். என் தங்கை மகனுக்காக இப்படி அவசரப்பட்டுக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற நாங்கள் பல மாதங்கள் அலைந்தோம்.

பொறியியல் கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குத்தான் கட்ஆஃப் கணக்கிடப்படுகிறது. அதோடு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவி கிடைக்காது.

ஆனால் உங்கள் மகளின் மனம் உண்மையிலேயே இயற்பியலில் இருந்தால், திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஏழு இடங்களில் இயங்கும் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) என்னும் மத்திய அரசு நிறுவனங்களின், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். அதன் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலிருந்தும் தலா 15 கேள்விகள் வருவதால், உயிரியல் படித்திருப்பது அவருக்குப் பெரிய பலம். விண்ணப்பம் பெரும்பாலும் பொதுத்தேர்வு நாட்களையொட்டியே வருகிறது. அந்தப் பரபரப்பில் தவறவிட்டுவிடாதீர்கள்.

பொறியியல்தான் என்று அவரே முடிவுசெய்தால், இயற்பியலுக்கு நெருக்கமான மின்னணுவியல் பிரிவைப் பாருங்கள். கல்லூரிகளை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு தரும் தரம் கல்லூரி முழுவதற்குமானது, தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் என்பிஏ (NBA) அமைப்பின் அங்கீகாரமோ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியானது என்பதால், அவர் சேரும் பிரிவுக்கே என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.