ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர்தான் என்றால், விமானம் ஏன் 13 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது?

நீங்கள் பார்த்த தூரம் சரியானதே. ஆனால் இன்று எந்த விமானமும் அந்தத் தூரத்தைப் பறப்பதில்லை. தொலைவைக் கணக்கிடும் இணையதளங்கள் பூமியின் வளைவைத் தழுவிச் செல்லும் மிகக் குறுகிய பாதையை எடுத்து, அதை மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்து, ஒன்பதரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று விடை சொல்லிவிடுகின்றன. 2022 பிப்ரவரி வரை அந்த விடை உண்மைக்கு நெருக்கமாகவே இருந்தது. அந்தக் குறுகிய பாதை கிட்டத்தட்ட முழுவதும் ரஷ்யாவுக்கு மேலே, சைபீரியாவின் வழியாகச் செல்வதுதான் சிக்கல். உக்ரைன் போரைத் தொடர்ந்து ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று வான்வெளியை மூடியதும் ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏருக்கு அந்த வழி இல்லாமற்போனது.

மிஞ்சியவை இரண்டு சுற்றுவழிகள். ஒன்று தெற்கே இறங்கி, துருக்கி, காக்கசஸ், கசகஸ்தான், சீனா, கொரியா வழியாகச் செல்வது. மற்றொன்று வடதுருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணை வழியாகப் பசிபிக்கில் இறங்குவது. இரண்டாவதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் அட்சரேகைப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஹெல்சின்கி 60 பாகையில் இருப்பதால் அங்கிருந்து துருவம் 3,300 கிலோமீட்டர். துருவத்திலிருந்து பெரிங் நீரிணை 2,700. அங்கிருந்து ரஷ்யாவின் கம்சட்கா தீபகற்பத்தை விலக்கிக்கொண்டு டோக்கியோவை அடைய ஐயாயிரத்தை ஒட்டி வரும். மொத்தம் 11,000 கிலோமீட்டர். அதே வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால் ஏறத்தாழ உங்கள் 13 மணி நேரம் கிடைத்துவிடும்.

இந்த வழி புதியதன்று என்பதை நான் வியப்போடு நினைத்துக்கொள்வதுண்டு. சோவியத் வான்வெளி மூடியிருந்த காலத்தில், 1957இல் ஸ்கேண்டினேவியன் ஏர்லைன்ஸ் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் நின்று டோக்கியோ சென்றது. 1983இல் ஃபின்ஏர் எங்கும் நிற்காமல் துருவத்தைக் கடந்தது.

எந்த நாளில் எந்த வழி என்பதைப் பெரும்பாலும் காற்று முடிவு செய்கிறது. நடு அட்சரேகைகளில் உயரத்தில் வீசும் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவதால், டோக்கியோவுக்குப் போகும்போது தெற்கு வழி உந்துதல் தரும். திரும்பும்போது அதே காற்று எதிர்க்கும் என்பதால் துருவ வழி பல நாட்களில் மேலானது.

பயணத்தைத் திட்டமிடுகிறீர்கள் என்றால் தூரக் கணிப்பானை விட்டுவிட்டு, விமான நிறுவனத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். அதில் உள்ள நேரம், விமானம் ஒரு நிலையத்தின் வாயிலை விட்டு நகர்வது முதல் அடுத்த நிலையத்தின் வாயிலில் நிற்பது வரையிலானது. ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும் அதில் அடக்கம். அட்டவணையில் இருப்பவை உள்ளூர் நேரங்கள் என்பதையும் கவனியுங்கள். டோக்கியோ கோடையில் 6 மணி நேரமும் குளிர்காலத்தில் 7 மணி நேரமும் ஹெல்சின்கியை முந்தியிருக்கிறது. ஆகவே கோடையில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டால் மறுநாள் நண்பகல் 12 மணியளவில் இறங்குவீர்கள். குளிர்காலத்தில் பிற்பகல் 1 மணி ஆகிவிடும்.