கேள்வி – பதில்: அடுத்த ஏஜென்ட் என்ன நினைக்கிறது?

கேள்வி: பக்கத்து ஏஜென்ட் (தானாக முடிவெடுத்துச் செயல்படும் நிரல்) சாவியை எங்கே தேடும் என்று என் ஏஜென்ட் கணிக்க வேண்டும். சாவியை இடம் மாற்றினால் கணிப்பு தவறுகிறது. ஏன்?

தனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றதற்கும் தெரியும் என்று உங்கள் ஏஜென்ட் எடுத்துக்கொள்கிறது. 1983-ல் உளவியலாளர்கள் விம்மர், பெர்னர் நடத்திய சோதனையில் மூன்று வயதுக் குழந்தைகள் சறுக்கியதும் இதில்தான்.

உண்மை நிலைக்கு ஓர் அட்டவணை, ஏஜென்ட் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை வையுங்கள். எது நடந்தாலும், அதை யார் பார்த்தார்கள் என்பதை முதலில் கணக்கிட்டு, அவர்களுடையதை மட்டும் திருத்துங்கள். 'அ' சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகிறது. 'ஆ' அதைப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறது. உண்மையிலும் 'ஆ'விடமும் 'பெட்டி'. 'அ'விடம் இன்னும் 'மேசை'. கணிப்பை 'அ'வின் அட்டவணையிலிருந்து எடுங்கள்.

இவ்வளவு செய்தும் தவறினால் நிரலைப் பாருங்கள். பைத்தான் நிரல்மொழியில், அட்டவணை இருக்கும் டிக்‌ஷனரியை நகலெடுக்காமல் வெறும் சமக்குறி போட்டால், எல்லா ஏஜென்ட்டும் ஒரே அட்டவணையைத்தான் பார்க்கும். உள்ளே இன்னொரு டிக்‌ஷனரி இருந்தால் ஆழ்நகல் (உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் deepcopy) தேவை.

அடுத்த சிக்கல் 'அ' திரும்பி வந்த பிறகு. மேசை காலி என்று கண்டதும், 'அ'வின் அட்டவணையில் மேசைக்கு இருந்த நிகழ்தகவை (சாவி அங்கே இருக்கும் வாய்ப்பை) பூஜ்ஜியமாக்கி, அதை மற்ற இடங்களுக்குப் பகிருங்கள். பழைய மதிப்பை அப்படியே விட்டால், காலி மேசையையே அது சுற்றிச் சுற்றி வரும். பெட்டி என்று உடனே எழுதிவிடுவதும் தப்பு. 'அ' அதைப் பார்க்கவில்லையே!

கேள்வி: 'நான் நினைப்பதாக அவன் நினைக்கிறான்' என்று எத்தனை அடுக்கு போகலாம்?

இரண்டு போதும். 5 ஏஜென்ட்டுக்கு இரண்டு அடுக்கில் 5 + 25 = 30 அட்டவணை (ஒவ்வொன்றும் நினைப்பது 5, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைப் பற்றி நினைப்பது 25); மூன்றாவதைச் சேர்த்தால் 155. பேரம், ஏமாற்று விளையாட்டு தவிர வேறெதற்கும் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

கேள்வி: மொழி மாதிரி (சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்குவது) சாலி–ஆன் கதைக்குச் சரியாக விடை சொல்கிறது. அதை நம்பலாமா?

அதை வைத்து மட்டும் நம்பாதீர்கள். 1985-ல் வந்த சோதனை அது: சாலி வைத்துவிட்டுப் போன பொருளை ஆன் இடம் மாற்றுகிறாள்; திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? பயிற்சித் தரவில் எத்தனையோ முறை இருந்திருக்கும். பெட்டியைக் கண்ணாடிப் பெட்டியாக்குவது போன்ற சின்ன மாற்றத்துக்கே ஜிபிடி-3.5 என்ற மொழி மாதிரி தடுமாறியதை 2023-ல் ஆய்வாளர் டோமர் உல்மன் காட்டினார்.

கதைகளை ஜோடியாக எழுதுங்கள்: ஒன்றில் சாலி வெளியே போகிறாள், மற்றதில் கதவோரம் நின்று பார்க்கிறாள். மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால் மட்டும் மதிப்பெண். கூடவே 'பொருள் உண்மையில் எங்கே?' என்றும் கேளுங்கள். அதிலேயே தவறினால், மாதிரி கதையையே சரியாகத் தொடரவில்லை. பிறர் மனதைப் பற்றிய கேள்விக்கு அது இன்னும் வந்தே சேரவில்லை.