கலிஃபோர்னியா வறட்சியில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குளிர்தான் அடிக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாமா, வேண்டாமா?

கேள்வி இதுதான்: பிப்ரவரிக்குப் பிறகு நல்ல மழையே இல்லை. ஏப்ரல் வந்தும் ஸ்வெட்டர் போடுகிற குளிர். தண்ணீருக்குக் கட்டுப்பாடு வேறு. வெயில் ஏறும்வரை தோட்டத்துக்குத் தண்ணீர் விடாமல் தள்ளிப்போடலாமா? வெண்டை, தக்காளி எப்போது வைக்கலாம்? கறிவேப்பிலை ஏன் மஞ்சளாகிறது?

தள்ளிப்போடாதீர்கள். குளிர்ந்த, வறண்ட வசந்தத்தில் மரங்கள் கெடுவதற்குக் காரணமே இந்தத் தள்ளிப்போடல்தான். சாக்ரமென்டோ சமவெளி, அல்லது லிவர்மோர், சான் ரமோன் போல சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் இருக்கும் ஊர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கடலோரப் பனிமூட்டத்தில் இருப்பவர்களுக்குக் கீழே வரும் அளவுகள் குறையும்.

முதலில், குளிரும் வறட்சியும் எப்படி ஒன்றாக வருகின்றன? மழை தரும் காற்றழுத்தத் தாழ்வுகள் பசிபிக் கடலின்மேல் வந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறுபவை. அதே தாழ்வு கடலைத் தொடாமல் நெவாடா பக்கமாக நிலத்தின்மேலேயே சறுக்கி இறங்கினால் குளிர் வரும், மழை வராது. அது கடந்துபோன பின் இரண்டு மூன்று நாள் வறண்ட வடகாற்று வீசும். வானம் பளிச்சென்று இருக்கும். நமக்குக் குளிர்கிறது, ஆனால் மண் காய்கிறது.

செடி தண்ணீரை இழப்பது வெப்பமானியைப் பார்த்து அல்ல. சூரிய ஒளி, காற்றின் வறட்சி, காற்றின் வேகம் இந்த மூன்றும் வெப்பத்தோடு சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் பெரிய பங்கு ஒளிக்கு. ஏப்ரல் 20 அன்று சூரியன் வானத்தில் நிற்கும் உயரமும் பகலின் நீளமும் ஆகஸ்ட் 22 அன்று இருப்பதற்குச் சமம். காற்று குளிர்ந்திருப்பதால் இது உறைப்பதில்லை. மாநில நீர்வளத் துறை 1982 முதல் நடத்தும் சிமிஸ் (CIMIS) என்ற வானிலை நிலையங்கள், மண்ணும் புல்லும் சேர்ந்து ஒரு நாளில் காற்றுக்கு விடும் நீரை மி.மீ. கணக்கில் இலவசமாகத் தருகின்றன. சாக்ரமென்டோ சமவெளியில் ஜூலை சராசரி நாளுக்கு 7 மி.மீ., ஏப்ரல் சராசரி 4 மி.மீ.க்குச் சற்று மேல். குளிர்ந்த ஏப்ரலுக்கு 3.5 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கோடையில் பாதி. அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது.

மழை பெய்கிற ஆண்டில் இந்தக் கணக்கே தேவைப்படாது. குளிர்கால மழை மண்ணை ஒரு மீட்டர் ஆழத்துக்கு நனைத்து வைத்திருக்கும்; மரம் மே வரை அதில் ஓட்டிவிடும். வறட்சி ஆண்டில் அந்த இருப்பு இல்லை. 2022 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்கள் கலிஃபோர்னியாவில் பதிவு தொடங்கிய நாளிலிருந்து மிக வறண்டவை. ஏப்ரல் 1 அன்று சியரா மலைப்பனி சராசரியில் 38 சதவீதம்தான் இருந்தது. 2015-ல் அதே தேதியில் 5 சதவீதம். அப்படிப்பட்ட ஆண்டில் மேல்மண் கறுப்பாக ஈரமாகத் தெரியும், ஒரு சாண் கீழே புழுதி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரோ, அரை மீட்டர் இரும்புக் கம்பியோ போதும். கிளைகள் விரிந்திருக்கும் ஓரத்துக்கு நேர் கீழே மண்ணில் கையால் அழுத்துங்கள். ஈர மண்ணில் வழுக்கிக்கொண்டு இறங்கும். காய்ந்த இடத்தில் சட்டென்று நிற்கும். மரத்துக்கு 30 செ.மீ. இறங்காவிட்டால் இன்றே தண்ணீர் தேவை. கல்லில் மோதி நிற்பதும் உண்டு, அதனால் மூன்று நான்கு இடத்தில் குத்திப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கைக்கரண்டியால் 20 செ.மீ. தோண்டி ஒரு பிடி எடுத்துப் பிசையுங்கள். உருண்டையாகி, விரலில் லேசாக ஒட்டினால் ஒரு வாரம் பொறுக்கலாம். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் காலம் கடந்துவிட்டது.

இப்போது எவ்வளவு என்பது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்றால் 1 லிட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 3 மீட்டர் விரிவுள்ள எலுமிச்சை அல்லது ஆரஞ்சு மரம் நிற்கும் பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். எலுமிச்சை இனத்துக்குப் புல்லின் தேவையில் 65 சதவீதம் போதும். 3.5 மி.மீ.யில் அது 2.3 மி.மீ.; நாளுக்கு 16 லிட்டர், இரண்டு வாரத்துக்கு 225 லிட்டர். மரத்தைச் சுற்றி மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர், அதாவது சொட்டுநீர் முனை, ஆறு (பெட்டியில் 1 ஜிபிஎச், அதாவது மணிக்கு ஒரு கேலன், என்று போட்டிருக்கும்) இருந்தால் மணிக்கு 24 லிட்டர். அதாவது ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டும். பல வீடுகளில் டைமர் 15 நிமிடத்தில் நிற்கிறது. 15 நிமிடத்தில் விழுவது 6 லிட்டர், ஒரு நாள் தேவையில் பாதிகூட இல்லை. அதுவும் மேல் நான்கு விரல் மண்ணை நனைத்துவிட்டு, அடுத்த வடகாற்றில் ஆவியாகிப் போகும். வாரம் மூன்று முறை இப்படி விடுவதைவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுதாக விடுவது எவ்வளவோ மேல். களிமண்ணாக இருந்தால் ஒன்பது மணி நேரத்தைத் தொடர்ந்து ஓட்டாமல் மும்மூன்று மணியாக மூன்று இரவுக்குப் பிரித்து விடுங்கள், இல்லாவிட்டால் வழிந்து தெருவுக்கு ஓடும். வழிந்தோட விடுவது வறட்சி விதிகளில் நேரடியான மீறல்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மண்தான் சொல்லும். வண்டல் கலந்த நல்ல மண் ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குக் கிடைக்கும்படி சுமார் 150 மி.மீ. நீரைப் பிடித்து வைக்கும்; மணல் மண் 80. வேர்ப்பகுதி 60 செ.மீ. என்றால் 90 மி.மீ., அதில் பாதி தீர்ந்ததும் மறுபடி விடவேண்டும். மேலே சொன்ன எலுமிச்சைக்கு நல்ல மண்ணில் இது 20 நாள் தாங்கும், மணலில் பத்து நாள்தான். டைமரில் ஆண்டு முழுவதும் ஒரே நாள்கணக்கை வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை உட்கார்ந்து போட்டுப் பார்க்கவேண்டும்.

சீசனின் முதல் ஓட்டத்துக்கு முன் டிரிப் குழாயின் கடைசி மூடியைக் கழற்றி ஒரு நிமிடம் தண்ணீரை வெளியே ஓடவிடுங்கள். குளிர்காலம் முழுக்கத் தேங்கிய வண்டல் பழுப்பாக வரும். அதைச் செய்யாமல் திறந்தால் கடைசி இரண்டு டிரிப்பர் அடைத்துக்கொள்ளும், ஜூலையில் அந்தப் பக்கக் கிளை மட்டும் காயும்போதுதான் தெரியவரும். வடிகட்டியையும் கழுவுங்கள். ஒவ்வொரு டிரிப்பருக்கும் கீழே ஒரு கிண்ணம் வைத்து 15 நிமிடம் ஓட்டினால் 4 லிட்டர் டிரிப்பர் ஒரு லிட்டர் தரவேண்டும். முக்கால் லிட்டருக்குக் கீழே தருவதை மாற்றிவிடுங்கள்.

புல்தரையைக் காய விடுவது என்று முடிவெடுத்தால் அது நல்ல முடிவு. ஆனால் புல்லுக்கு நடுவே நிற்கும் மரத்தை மறந்துவிடாதீர்கள். அத்தனை வருடம் ஸ்பிரிங்ளரில் வாழ்ந்த மரத்தின் வேர் மேலாகவே படர்ந்திருக்கும். புல்லை நிறுத்திய அன்றே அதன் தண்ணீரும் நிற்கிறது. 2015-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களுக்கு 25 சதவீதக் குறைப்பு ஆணையிட்ட பிறகு இது பெரிய கவலையானது. 2022-ல் வணிக வளாகங்களின் அலங்காரப் புல்லுக்குத் தண்ணீர் விடத் தடை வந்தபோது மரங்களுக்கு விலக்கு தந்தார்கள். வளர்ந்த நிழல்மரத்துக்கு மாதம் ஒருமுறை, கசிவுக் குழாயை (நீளம் முழுக்கத் தண்ணீர் கசியும் தோட்டக் குழாய்) கிளை விரிப்பின் ஓரத்தில் வட்டமாகப் போட்டு, கம்பி 45 செ.மீ. இறங்கும்வரை மெதுவாக விடுங்கள். தண்டுக்குப் பக்கத்தில் விட்டால் பயனில்லை, தண்டு அழுகும்.

காய்கறிப் பாத்தியை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு. 4 அடிக்கு 8 அடிப் பாத்தி 3 சதுர மீட்டர். உச்சக் கோடையில் நாளுக்கு 7 மி.மீ. வீதம் மாதத்துக்கு 630 லிட்டர். 100 சதுர மீட்டர் புல்தரை, அதே 7 மி.மீ. கணக்கில், ஜூலையில் ஒரே நாளில் கேட்பது 700 லிட்டர். ஒரு மாதக் காய்கறியும் ஒரு நாள் புல்லும் ஏறக்குறைய ஒன்று. வெண்டையையும் கத்தரியையும் குற்ற உணர்வில்லாமல் வளர்க்கலாம்.

ஆனால் இப்போது வைக்காதீர்கள். நாற்று விற்கும் கடையில் மார்ச்சிலேயே தக்காளி வந்துவிடும், அதைப் பார்த்து ஏமாறவேண்டாம். காலை 8 மணிக்கு மண்ணில் 10 செ.மீ. ஆழத்தில் சமையலறைத் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். தக்காளிக்கு 16 டிகிரி செல்சியஸ் வேண்டும்; வெண்டைக்கு 18, 21 இருந்தால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும். அதற்குக் கீழே விதைத்த வெண்டை மண்ணுக்குள்ளேயே அழுகும். குளிர் மண்ணில் வைத்த தக்காளியின் இலை அடிப்பக்கம் ஊதாவாகும். மண்ணில் பாஸ்பரஸ் இருந்தும் குளிர்ந்த வேரால் எடுக்க முடியாததால் வருவது அது. உரம் போட்டால் சரியாகாது, உப்புதான் சேரும். இரவுகள் 13 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்வரை பூவும் காயாகாது. இந்த வாரங்களை வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணிக்குக் கொடுங்கள். கொத்தமல்லி சூடு வந்ததும் பூத்துப்போகும் ஊரில், குளிர்ந்த வசந்தம் அதற்கு ஒரு வரம். முள்ளங்கிக்கு மட்டும் மேல்மண் காயவே கூடாது, காய்ந்தால் காரமாகி நார் விடும்.

மூடாக்கு போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மரங்களுக்கு இன்றே போடலாம்: 7 முதல் 10 செ.மீ. மரச்சீவல், தண்டைவிட்டு ஒரு சாண் தள்ளி. காய்கறிப் பாத்திக்கு மண் சூடேறிய பிறகுதான். இப்போதே போட்டால் குளிரை உள்ளே பூட்டிவைத்ததுபோல் ஆகும்.

தண்ணீரைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு உறைபனி இன்னொரு காரணம். வறண்ட காற்று, தெளிந்த வானம், காற்றில்லாத இரவு இந்த மூன்றும் சேர்ந்தால் மண்ணின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். காய்ந்த மண்ணின் இடுக்குகளில் காற்றுதான் இருக்கும், அது சூட்டைப் பிடித்துவைக்காது. நனைந்த மண் பகல் வெயிலை வாங்கி இரவில் திருப்பித் தரும். தரையை ஒட்டி அரை முதல் ஒரு டிகிரி வித்தியாசம் கிடைக்கும். பூத்திருக்கும் மரத்துக்குச் சில இரவுகளில் அந்த ஒரு டிகிரிதான் விளைச்சல். உறைபனி அறிவிப்பு வந்தால் ஒரு நாள் முன்னதாகக் காலையில் மேல் 30 செ.மீ. நனையும்படி விடுங்கள். சாயங்காலம் விட்டால் ஆவியாகும்போது இன்னும் குளிரும்.

கறிவேப்பிலை மஞ்சளாவது இந்த வசந்தத்தில் பெரும்பாலும் தாகத்தால் அல்ல. குளிர்ந்த தொட்டியில் வேர் வேலை செய்யாமல் நிற்கிறது. மஞ்சளைப் பார்த்துத் தண்ணீரும் உரமும் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டியைக் கையால் சாய்த்துப் பாருங்கள். கனமாக இருந்தால் ஒன்றும் விடவேண்டாம். மேல் 5 செ.மீ. காய்ந்து, தொட்டியும் லேசாகத் தெரிந்தால் மட்டும் வெதுவெதுப்பான மதிய நேரத்தில் விடுங்கள். சிமென்ட் தரையில் வைக்காமல் மரக்கட்டைமேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. இரவு கதகதப்பானதும் தானாகத் துளிர்க்கும். நண்பர்களுக்குக் கன்று கொடுக்குமுன் ஒன்று கவனியுங்கள்: எலுமிச்சை இன மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். தனிமைப்படுத்தப்பட்ட மாவட்டங்களிலிருந்து செடியை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது.

இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகினால் அது உப்பு. குழாய்த் தண்ணீரில் வரும் உப்பைக் குளிர்கால மழைதான் கீழே கழுவித் தள்ளும். வறட்சியில் அந்த வேலை நடப்பதில்லை. 30 செ.மீ. மண்ணின் உப்பில் பாதியை இறக்க 15 செ.மீ. நீர் வேண்டும், சதுர மீட்டருக்கு 150 லிட்டர். எல்லாவற்றுக்கும் அவ்வளவு செலவழிக்க முடியாது. அவகாடோ, எலுமிச்சை, தொட்டிச் செடி ஆகியவற்றுக்கு மட்டும் வசந்தத்தில் ஒருமுறை செய்யுங்கள்.

இந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? முதலில் வீட்டு மீட்டரைப் பாருங்கள். எல்லாக் குழாயையும் மூடியபின் மீட்டரில் உள்ள சின்ன முக்கோணம் சுற்றினால் கசிவு இருக்கிறது, பெரும்பாலும் கழிவறைத் தொட்டியின் ரப்பர் மூடிதான். தொட்டியில் கொஞ்சம் மஞ்சள்தூள் கரைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் நிறம் தெரிகிறதா பாருங்கள். பில்லில் ஒரு யூனிட் என்று வருவது பெரும்பாலும் 748 கேலன், 2,800 லிட்டருக்கு மேல். மேலே சொன்ன எலுமிச்சைக்கு, குளிர்ந்த ஏப்ரல் வீதத்தில், அது ஆறு மாதத் தண்ணீர். அடுத்து வாஷிங் மெஷின். அதன் வெளியேற்றுக் குழாயில் மூவழி வால்வு பொருத்தித் துணி துவைத்த நீரை மரத்தடி மூடாக்குக்குள் விடுவதற்கு, விதிமுறைப்படி செய்தால், கலிஃபோர்னியாவில் பெர்மிட் தேவையில்லை. முன்கதவு மெஷின் ஒரு சுமைக்கு 55 முதல் 75 லிட்டர் தரும். போரானும் சோடியமும் இல்லாத திரவச் சோப்பாக இருக்கவேண்டும். குழந்தையின் டயப்பர் துணி துவைக்கும் அன்று வால்வைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடுங்கள். கீரைக்கும் முள்ளங்கிக்கும் இந்த நீர் கூடாது.

நடுவில் மே மாதத்தில் ஒரு தூறல் வரலாம். 6 மி.மீ.க்கு மேல் பெய்தால் 48 மணி நேரம் தண்ணீர் விடக்கூடாது என்று 2022 விதி சொன்னது. உங்கள் ஊர் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காக டைமரை ஒரு வாரம் அணைத்துவிடாதீர்கள். 5 மி.மீ. மழையைக் காய்ந்த மரச்சீவலே குடித்துவிடும். மழை நின்றதும் மூடாக்கை ஒதுக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். சீவல் நனைந்து, கீழே மண் காய்ந்திருந்தால், மரத்தின் கணக்கில் அன்று மழை பெய்யவில்லை.