உதடாகிப்போன இதழ்: 400 ரிங்கிட் கொடுக்கலாமா?

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீடு. கடையில் வாங்கிய வெள்ளை ஃபெலனோப்சிஸ் ஆர்க்கிட், இந்தத் தடவை பக்கத்து இதழ் இரண்டும் நடு உதடு மாதிரியே ஆகிப் பூத்திருக்கிறது. நோயா? ஆன்லைன் வியாபாரி ஒருவர், "அபூர்வ மியூட்டேஷன். இதே ரகக் குட்டிச் செடி 400 ரிங்கிட், இப்படிப் பூக்கவைக்கும் பசை 60" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இது நோயும் இல்லை, பக்கத்துத் தொட்டிக்கு ஒட்டவும் ஒட்டாது.

பூவின் உள்வட்டத்தில் மூன்று இதழ். இரண்டு சாதாரணம், மூன்றாவது, பூச்சி வந்து இறங்கும் உதடு. இதழ் அமைக்கும் ஒரு ஜீன் ஆர்க்கிட் வம்சத்தில் நகலாகி நகலாகி நான்காகிவிட்டது. எந்த நகல் எங்கே வேலை செய்கிறது என்பதில்தான் இதழா உதடா என்பது முடிவாகிறது. தைவான் ஆய்வாளர்கள் 2015-ல் உதட்டு ஜீன்களை அடக்கியபோது உதடு சாதாரண இதழானது. உங்கள் செடியில் நடந்திருப்பது அதன் தலைகீழ்.

பக்கத்து இதழின் அடியில் உதட்டில் உள்ளதுபோல் மேடும் புள்ளியும் தெரிகிறதா, தண்டின் எல்லாப் பூவிலும் அப்படியா என்று பாருங்கள். ஆமென்றால் இந்த மாற்றம்தான். ஒரே பூ மட்டும் சுருண்டு கிழிந்திருந்தால் அது வெயில் அல்லது இலைப்பேன் வேலை.

பசை விஷயம் சுத்த ஏமாற்று. அதிலிருப்பது சைட்டோகைனின் என்ற தாவர ஹார்மோன். தண்டுக் கணுவின் மூடியை உரித்துத் தீக்குச்சித் தலையளவு தடவினால் கெய்கி, அதாவது தண்டிலேயே வரும் குட்டிச் செடி, முளைக்கலாம், அவ்வளவுதான். ஜீனை அது மாற்றாது. நீலப் பூ விற்பதும் இதே கும்பல்தான்: தண்டில் சாயம் ஏற்றியது, அடுத்த பூ வெள்ளை.

குட்டிச் செடி தாயின் அச்சு என்பதும் எப்போதும் உண்மையல்ல. திசு வளர்ப்பில், அதாவது தாய்ச்செடியின் சிறு துண்டிலிருந்து ஆய்வகத்தில் கன்று எடுக்கும்போது, சில சமயம் ஜீனின் எழுத்து மாறாமலேயே, அதன்மேல் இருக்கும் ரசாயனப் பூட்டு கழன்றுவிடுகிறது. நம் நாட்டுச் செம்பனையே சாட்சி. குளோன் கன்றுகள் பார்க்க நன்றாக வளர்ந்து, காய்க்கும்போது கோணல் காய் தந்தன. மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்கள் 2015-ல் காரணத்தைக் கண்டார்கள்: பூ அமைக்கும் ஜீன் ஒன்றுக்குள் பூட்டு கழன்றிருந்தது. அந்த ஜீன் ஆர்க்கிட்டின் இதழ் ஜீனுக்கு உறவுக்காரன். கழன்ற பூட்டு திரும்ப விழவும் கூடும். அப்போது 400 ரிங்கிட் செடி வெறும் வெள்ளையாகப் பூக்கும். பூ விரியாத செடிக்கு ஒரு சென் கூடக் கொடுக்காதீர்கள்.

தொட்டியில் ரகப் பெயரோ ஆய்வகப் பெயரோ இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். கடைகளில் பெரும்பாலும் இருப்பது விலைச் சீட்டு மட்டும். இறக்குமதிக்குத் தரும் தாவர நலச் சான்றிதழும் பூச்சி, நோய் பற்றித்தான் பேசும்; பூவைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

உங்கள் செடியில் மாற்றம் நிலைத்ததா என்பதை அடுத்த தண்டுதான் சொல்லும். கோலாலம்பூர் சூட்டில் தண்டு எளிதில் வராது. 26 டிகிரிக்குக் கீழே சில வாரமாவது வேண்டும். இரவில் ஏசி ஓடும் அறைச் சன்னலோரம் வையுங்கள், குளிர்காற்று நேராக மொட்டில் படாமல். இப்போதைய பூவை முன்னும் பக்கமும் படமெடுத்துத் தேதி போட்டு வையுங்கள்.